மெல்போர்ன் ட்ராமில் டிக்கெட் எடுப்பது எப்படி? ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்

அம்மா முதல் தடவை மெல்போர்ன் வந்திருந்தபோது 19ஆம் எண் ட்ராமில் ஏறினோம். உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து ஐந்து டாலர் நோட்டு ஒன்றை எடுத்து, நான்காய் மடித்து, விரலிடுக்கில் வைத்துக்கொண்டாள். மூன்று நிறுத்தம் போயிற்று. "கண்டக்டர் இன்னும் வரலையேடி. செக்கிங் ஏறிட்டா என்ன பண்றது?" என்று காதோரம் கேட்டாள். திருச்சி டவுன் பஸ்ஸில் நாற்பது வருஷம் போய்வந்த பயம். "எல்லாம் எடுத்தாச்சும்மா" என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமைக்கு நான் கொஞ்சமும் தகுதியில்லாதவள் என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. இந்த ஊர் ட்ராமில் கண்டக்டர் கிடையாது, செக்கிங் மட்டும் உண்டு. டிக்கெட் விற்க ஆள் இல்லாத வண்டியில், டிக்கெட் இருக்கிறதா என்று கேட்க மட்டும் ஆட்கள் ஏறுவார்கள். இதை முதலில் ஜீரணித்துக்கொள்ளுங்கள். நான் பிரன்ஸ்விக்கில், சிட்னி ரோட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். வாசலில் இறங்கி நடந்தால் ட்ராம்தான். ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் இதே பாடத்தைச் சாப்பாட்டு மேசையில் நடத்தி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

வண்டிக்குள் ஒன்றும் கிடைக்காது

ட்ராமுக்குள் டிக்கெட் வாங்க முடியாது. கார்டு வாங்க முடியாது. இருக்கிற கார்டில் பணம் ஏற்றவும் முடியாது. டிரைவர் தனி அறைக்குள் இருப்பார், அவரிடம் நோட்டை நீட்டிப் பயனில்லை. உலகத்திலேயே மிகப் பெரிய ட்ராம் வலையமைப்பு, சுமார் 250 கிலோமீட்டர் தண்டவாளம், 1,700க்கும் மேற்பட்ட நிறுத்தங்கள். அத்தனையிலும் இதுதான் நிலைமை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான்.

ஏன் இப்படி ஆயிற்று என்று எனக்கு விளக்கியது பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டி. ஒரு காலத்தில் இங்கேயும் தோல்பை மாட்டிய கண்டக்டர்கள் இருந்திருக்கிறார்கள். செல்லமாக 'கானி' என்று கூப்பிடுவார்களாம். செலவைக் குறைக்க அரசு சுரண்டல் டிக்கெட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. லாட்டரிச் சீட்டு மாதிரி, தேதியையும் நேரத்தையும் பயணியே சுரண்டிக்கொள்ள வேண்டும். கண்டக்டர்கள் எதிர்த்தார்கள். 1990 ஜனவரியில் சண்டை முற்றி, ஊர் நடுவே தெருத் தெருவாக ட்ராம்கள் வரிசையாக நின்றுவிட்டன. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தனவாம். "நான் அந்த வருஷம் நடந்தே இளைத்தேன்" என்பார் பாட்டி. கண்டக்டர்கள் திரும்பி வந்தார்கள், ஆனால் நிலைக்கவில்லை. 1998இல் அந்த வேலையே ஒழிந்தது. அப்புறம் வண்டிக்குள் மெட்கார்டு என்ற டிக்கெட்டை விற்கிற மெஷின் வந்தது, அதுவும் சில்லறைக் காசு மட்டும்தான் வாங்கும். நோட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் சில்லறை கேட்பது அந்நாளைய வழக்கம். 2010இல் ட்ராமுக்கு மைக்கி கார்டு வந்தது, 2012 கடைசியில் மெட்கார்டு போயிற்று, கூடவே அந்த மெஷினும் போயிற்று. கண்டக்டர் இடத்துக்கு மெஷின் வந்தது, மெஷின் இடத்துக்கு எதுவும் வரவில்லை. சுரண்டல் டிக்கெட் காலத்தில் பாட்டி நகத்தால் லேசாகச் சுரண்டுவது போலப் பாவனை செய்து, ஒரே சீட்டில் நான்கு நாள் போனதாகவும் சொன்னார். அந்த வித்தை மைக்கியிடம் பலிக்காது.

கார்டு

மைக்கி என்பது பணம் ஏற்றி வைத்துக்கொள்கிற பிளாஸ்டிக் கார்டு. ட்ராம், ரயில், பஸ் மூன்றுக்கும் ஒன்றே. ரயில் நிலைய மெஷின்களில், செவன்-இலெவன் கடைகளில், ஊருக்குள் சில பெரிய ட்ராம் நிறுத்தங்களில் இருக்கிற மெஷின்களில் வாங்கலாம். விமான நிலையத்திலிருந்து ஸ்கைபஸ்ஸில் வருகிறவர்கள் கவனிக்க: அந்த பஸ்ஸுக்கு மைக்கி செல்லாது, தனி டிக்கெட். ஆனால் அது கொண்டுவந்து விடுவது சதர்ன் கிராஸ் ரயில் நிலையத்தில். பெட்டியை உருட்டிக்கொண்டு நேரே ட்ராமைத் தேடிப் போகாமல், அங்கேயே ஒரு கார்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

கார்டுக்கு ஆறு டாலர். அது போனது போனதுதான், திரும்பக் கிடைக்காது. அதற்கு மேல் ஏற்றுகிற பணம்தான் பயணத்துக்கு. மெஷின் உங்களிடம் மைக்கி மணியா, மைக்கி பாஸா என்று கேட்கும். எப்போதாவது போகிறவர்களுக்கு மணி. பாஸ் என்பது ஏழு நாள், அல்லது 28 நாளிலிருந்து 365 நாள் வரை, தொடர்ச்சியாக. ஏழு நாள் பாஸின் விலை ஐந்து நாள் கட்டணம்தான், ஆகவே தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு லாபம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்கிறவர்கள் பாஸ் எடுத்தால் காசுக்குப் பிடித்த கேடு.

கார்டு வாங்கும்போது வருகிற இன்னொரு கேள்வி, முழுக் கட்டணமா, சலுகையா என்பது. இங்கேதான் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன் இருந்தான், முதுகலை படிக்க வந்தவன். 'சலுகை' என்று பார்த்ததும் அந்தக் கார்டையே வாங்கிவிட்டான். "அக்கா, நான் ஸ்டூடன்ட் தானே, பிறகென்ன?" என்றான். வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கிறவர் மாணவர்தான், ஆனால் அந்தச் சலுகைக்கு உரியவர் இல்லை. இளங்கலை படிக்கிற வெளிநாட்டு மாணவர்களுக்கு, அவர்களுடைய கல்லூரி அந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், வருஷ பாஸில் பாதி விலைக் கழிவு உண்டு. அதைக் கல்லூரியில் கேட்டு விண்ணப்பித்து வாங்க வேண்டும், கார்டு வாங்கும்போதே கிடைத்துவிடாது. தம்பி பாதிக் கட்டணத்தில் நாலு மாதம் சந்தோஷமாகப் போனான். ஐந்தாவது மாதம் ஒரு நாள் "சலுகைக்கான அடையாள அட்டையைக் காட்டுங்கள்" என்று கேட்டார்கள். கல்லூரி அட்டையைக் காட்டினான், செல்லவில்லை. மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே அபராதக் கடிதத்தில் போயிற்று.

பெற்றோருக்கும் இதே கதை. "எனக்கு அறுபத்தெட்டு, சீனியர் சிட்டிசன்" என்று அப்பா பாஸ்போர்ட்டை நீட்டுவார். இங்கே முதியோர் மைக்கி என்பது விக்டோரியா மாநிலத்தின் முதியோர் அட்டை வைத்திருக்கிறவர்களுக்கு, அதாவது இங்கேயே குடியிருப்பவர்களுக்கு. ஆறு மாத விசாவில் பேரனைப் பார்க்க வந்தவர் முழுக் கட்டணம்தான். வீட்டில் இதைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ட்ராமில் வைத்து உங்களிடம் வாதாடுவார்கள். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நல்ல செய்தி: 2026 ஜனவரி 1 முதல் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அதற்கென்று உள்ள யூத் மைக்கி கையில் இருக்க வேண்டும்.

கார்டில் பெயர் போட்டுப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். தொலைந்தால் அதை முடக்கி மீதியை வேறு கார்டுக்கு மாற்றலாம். எங்கே எப்போது ரீடர் கருவியில் கார்டைத் தொட்டோம் என்ற கணக்கையும் பார்க்கலாம். என் வண்டவாளம் வெளிவந்ததே அந்தக் கணக்கில்தான்.

இன்னொன்று, கார்டுக்கு ஆயுள் நான்கு வருஷம். எங்கள் வீட்டில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் விருந்தாளிக் கார்டுகள் கிடக்கும். யார் வந்தாலும் ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த மாமாவுக்கு அப்படித்தான் கொடுத்து அனுப்பினேன். மாமா ட்ராமில் ஏறி, தொட்டுத் தொட்டுப் பார்த்து, சிவப்பாக ஏதோ வந்ததால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தார். கார்டு காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. உள்ளே இருபது டாலர் இருந்தது. அந்தப் பணம் அழியாது, புதுக் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாமாவின் கோபத்தைத்தான் மாற்ற முடியவில்லை. இப்போதெல்லாம் டப்பாவில் போடும்போதே ஒரு துண்டு டேப் ஒட்டி, முடிகிற மாதத்தை எழுதிவிடுகிறேன்.

பணம் ஏற்றுவது

கடையில் கொடுத்து ஏற்றலாம், ஸ்டேஷன் மெஷினில் ஏற்றலாம், போனிலும் ஏற்றலாம். போனில் இரண்டு விதம் இருக்கிறது. இணையத்தில் பணம் கட்டிவிட்டு அது கார்டில் வந்து சேரும் வரை காத்திருப்பது ஒன்று. அதற்கு ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம், ட்ராம் வருகிறதைப் பார்த்துவிட்டுச் செய்கிற காரியமில்லை அது. மற்றது, அரசுப் போக்குவரத்து ஆப்பைத் திறந்து, பணம் கட்டி, கார்டைப் போனின் முதுகில் ஒட்ட வைத்துப் பிடிப்பது. உடனே ஏறிவிடும். போனில் தொடுபரிமாற்ற வசதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் இரண்டாவதையே செய்கிறேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி முக்குக் கடையில் மெஷின் படுத்துவிட்டது, அடுத்த கடை மூடியிருந்தது, கடைசியில் ரயில் நிலையம் வரை நடந்தேன். அன்றைக்குக் கற்றுக்கொண்டது.

ஞாபகமறதிக்காரர்கள் தானாகப் பணம் ஏறும்படி வங்கிக் கார்டை இணைத்து வைக்கலாம். மீதி குறைந்தால் அதுவே எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக்கே இல்லாமல் போனிலேயே மைக்கி வைத்துக்கொள்ளலாம். வசதிதான். ஆனால் போனில் சார்ஜ் போய்விட்டால் டிக்கெட்டும் போயிற்று என்று அர்த்தம். செக்கிங்காரரிடம் கறுப்புத் திரையைக் காட்ட முடியாது.

தொடுவது

இதற்கு இங்கே பெயர் 'டச் ஆன்'. ஏறியதும் கதவுப் பக்கத்துக் கம்பத்தில் இருக்கிற ரீடரில் கார்டைத் தொட வேண்டும். ஆனால் தொடுவது என்றால் என்ன என்பதில்தான் ஆளுக்கு ஒரு வழி. சிலர் பர்ஸோடு தட்டுவார்கள், சிலர் தோசைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி இழுப்பார்கள். பர்ஸுக்குள் நாலு வங்கிக் கார்டு இருந்தால் ரீடர் குழம்பிப்போகும். கார்டைத் தனியாக வெளியே எடுங்கள். ரீடரின் மேல் தட்டையாக வையுங்கள். அசைக்காதீர்கள். 'பீப்' என்று கேட்டதும் எடுத்துவிட்டு நகராமல், திரையைப் படியுங்கள். டச் ஆன் ஆயிற்று என்றும், மீதி எவ்வளவு என்றும் அதில் வரும். சத்தம் வந்தாலே சரி என்று நினைக்காதீர்கள், முடியாது என்று சொல்லவும் அது சத்தம் போடும். கூட்டத்தில் பத்து பீப் கேட்கும்போது உங்களுடையது எது என்று காதுக்குத் தெரியாது. திரையை மட்டும் நம்புங்கள்.

சிட்னியிலிருந்து வந்த என் சித்தி பையன் ஏறியதும் வங்கிக் கார்டைத் தட்டிவிட்டு விறைப்பாக நின்றான். சிட்னி லைட் ரெயிலில் அது செல்லும், இங்கே ரீடர் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. அவனுக்கு விஷயம் புரிவதற்குள் இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். அம்மாவோடு போன அன்று விருந்தாளிக் கார்டு ஒன்றும் உருப்படியாக இல்லை. என் கார்டில் நிறையப் பணம் இருந்தது. 'ரெண்டு டிக்கெட் கொடுங்க' என்று கேட்டு வளர்ந்த புத்தி இல்லையா, முன் கதவில் எனக்காக ஒரு தடவை தொட்டேன், அம்மாவை உட்கார வைத்துவிட்டு நடுக் கதவுக்குப் போய் அவளுக்காக இன்னொரு தடவை தொட்டேன். இரண்டு தடவையும் பீப். இரண்டாவது தடவை திரையைப் பார்க்கவில்லை. ஒரு கார்டு ஒரு ஆளுக்குத்தான். அதே கார்டை மறுபடியும் தொட்டால் அந்த ஆள் இறங்கிவிட்டார் என்று கணக்கு. மூன்று நாள் கழித்து இணையத்தில் பயணக் கணக்கைப் பார்த்தபோது, ஏறிய இரண்டு நிமிஷத்தில் இறங்கியதாக எழுதியிருந்தது. அதாவது அன்றைக்கு அந்த ட்ராமில் நான் இறங்கிவிட்டவள், அம்மா ஏறவே இல்லாதவள். செக்கிங் ஏறினால் என்ன பண்றது என்று அவள் கேட்டுக்கொண்டு வந்தாள், நான் சிரித்துக்கொண்டு வந்தேன். நல்லவேளை, அன்று யாரும் ஏறவில்லை.

ஆகவே ஆளுக்கொரு கார்டு. கணவன் மனைவி என்றாலும் சரி, தாயும் பிள்ளையும் என்றாலும் சரி.

இறங்கும்போது தொட வேண்டுமா? ட்ராமில் வேண்டாம். ஊரின் வெளிப்பக்கத்து இரண்டாம் கட்டண மண்டலத்துக்குள்ளேயே ஏறி இறங்குகிறவர்களுக்கு மட்டும் தொட்டால் கொஞ்சம் காசு மிஞ்சும், மற்றவர்கள் பேசாமல் இறங்கலாம். ரயிலில் அப்படி இல்லை, அங்கே வெளியே வரும்போது தொட்டே ஆக வேண்டும். ட்ராமில் பழகியவர்கள் ரயிலில் மறப்பதும், ரயிலில் பழகியவர்கள் ட்ராம் கதவில் கூட்டத்தை நிறுத்திவைத்துக் கார்டைத் தேடுவதும் தினசரிக் காட்சி.

ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறினால் மறுபடி தொட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் மேற்கொண்டு பணம் எடுக்காது, ஆனாலும் தொட வேண்டும். "ஏற்கனவே கட்டியாச்சே" என்பது இங்கே செல்லாத வாதம்.

ரீடர் வேலை செய்யவில்லை என்றால் அடுத்த கதவுக்குப் போய்ப் பாருங்கள். எல்லாமே படுத்திருந்தால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்து, அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாராவது கேட்டால் வாயால் சொல்வதைவிட அந்தப் படம் உதவும். கூட்ட நேரத்தில் ரீடரை எட்ட முடியவில்லை என்றால் உங்கள் கார்டை வேறொருவரிடம் கொடுத்து "கொஞ்சம் தொட்டுத் தாருங்கள்" என்று கேட்கலாம். பஸ்ஸில் காசைக் கைமாற்றி டிக்கெட் வாங்கிய ஊர்க்காரர்களுக்கு இது கூச்சமாக இருக்காது. வெள்ளைக்காரர்களும் சிரித்துக்கொண்டே செய்வார்கள். திரையில் என்ன வந்தது என்று மறக்காமல் கேளுங்கள்.

இரண்டு மணி நேரம் என்பது இரண்டு மணி நேரம் இல்லை

இது மட்டும் பயணிக்குச் சாதகமான விஷயம், யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2025இல் இரண்டு மணி நேரக் கட்டணம் 5 டாலர் 50 சென்ட், வார நாளில் ஒரு நாளைக்கு எவ்வளவு சுற்றினாலும் உச்சவரம்பு 11 டாலர். பெரும்பாலும் ஒவ்வொரு ஜனவரியிலும் ஏற்றுவார்கள், போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் தொட்ட நிமிஷத்திலிருந்து ஓடாது. அடுத்த முழு மணியிலிருந்துதான் ஓடும். ஒன்பது பத்துக்குத் தொட்டால் கணக்கு பத்து மணிக்குத் தொடங்கி, பன்னிரண்டு வரை செல்லும். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். எட்டு ஐம்பத்தெட்டுக்குத் தொட்டால் பதினொன்றுக்கே முடிந்துவிடும். விக்டோரியா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிற நாளில் நான் ஒன்பது அடித்து ஐந்து நிமிஷம் கழித்துத்தான் நிறுத்தத்துக்கே போவேன். கத்தரிக்காய் பொறுக்கி, மீன் வாங்கி, ஒரு காபியும் குடித்துவிட்டு அதே கட்டணத்தில் வீடு வந்துவிடலாம். மாலை ஆறு மணிக்கு மேல் தொட்டால் விடியற்காலை மூன்று மணி வரை செல்லும்.

ஓசி எல்லை

நகர மையத்திலும் டாக்லாண்ட்ஸ் பகுதியிலும் ட்ராம் இலவசம். 2015 ஜனவரி 1இலிருந்து இந்த ஏற்பாடு. இந்த எல்லைக்குள்ளேயே ஏறி எல்லைக்குள்ளேயே இறங்கினால் கார்டே வேண்டாம். கார்டு இருந்தாலும் தொடாதீர்கள், தொட்டால் பணம் போய்விடும். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதற்கு அபராதம் மாதிரி.

வம்பெல்லாம் ஓரத்தில்தான். ஓசியில் ஏறி, பேச்சு சுவாரஸ்யத்தில் எல்லை தாண்டிவிடுவார்கள். பிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையம் உள்ளே, ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வருகிற கலை மையமும் ஓவியக் கூடமும் வெளியே. விக்டோரியா மார்க்கெட் உள்ளே, மெல்போர்ன் பல்கலைக்கழகம் வெளியே. பார்லிமென்ட் உள்ளே, மியூசியம் வெளியே. சுற்றுலா வந்தவர்கள் பார்க்க ஆசைப்படுகிற பாதி இடங்கள் எல்லைக்கு ஒரு நிறுத்தம் தள்ளியே இருக்கின்றன. நிறுத்தத்துப் பலகையில் இலவசப் பகுதி என்று போட்டிருக்கும், வண்டிக்குள்ளும் எல்லை முடிகிறது என்று அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பைக் கேட்டதும் ஒன்று இறங்குங்கள், அல்லது எழுந்து போய்க் கார்டைத் தொடுங்கள். கூட்டத்தில் அந்தக் கடைசி நிமிஷத்தில் எழுந்து போவது எளிதில்லை. வெளியே போகிற உத்தேசம் இருந்தால் ஏறும்போதே தொட்டுவிடுவது நிம்மதி.

பெரியவர்களை அழைத்துவந்தால் 35ஆம் எண் வட்ட ட்ராமில் ஏற்றுங்கள். பழைய காலத்து வண்டி, ஊர் நடுவைச் சுற்றி வரும், காசு கிடையாது, டிக்கெட் பேச்சே இல்லை. அம்மா அதில் இரண்டு சுற்று சுற்றினாள். மதராஸில் ட்ராம் ஓடியதைத் தாத்தா சொல்லிக் கேட்டவள் அவள். 1953இல் அது நின்றுபோனது. அவள் பார்த்ததில்லை.

செக்கிங்

இவர்கள் சீருடையிலும் வருவார்கள், சாதாரண உடையிலும் வருவார்கள். சாதாரண உடையில் வந்தவரிடம் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கையில் ஒரு கருவி இருக்கும், உங்கள் கார்டை அதில் வைத்தால் நீங்கள் தொட்டீர்களா என்று தெரிந்துவிடும். சலுகைக் கார்டு என்றால் அதற்கான அத்தாட்சியும் கேட்பார்கள்.

அவர்களைக் கண்டதும் எழுந்து ரீடரைப் பார்த்து ஓடாதீர்கள். அதைத்தான் அவர்கள் முதலில் கவனிப்பார்கள். கார்டை நீட்டுங்கள். ஏதாவது தவறியிருந்தால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: எந்த நிறுத்தத்தில் ஏறினேன், ரீடர் என்ன காட்டியது, இதோ படம். பெயரும் முகவரியும் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பதற்றத்தில் பழைய வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டு, கடிதம் அங்கே போய்ச் சேர்ந்து, கெடு தாண்டி இன்னும் பணம் கூடிய கதைகள் உண்டு.

அங்கேயே பணம் கட்டச் சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு முறை 2014இல் கொண்டுவந்து, 2017 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். யாராவது ட்ராமில் கையில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். விவரங்களை எழுதிக்கொண்டு போவார்கள், அபராதம் பிறகு தபாலில் வரும். பெரியவர்களுக்குக் கிட்டத்தட்ட 300 டாலர். அதாவது ஐம்பதுக்கும் மேற்பட்ட ட்ராம் பயணம். வந்த கடிதத்தை மூலையில் போட்டுவிடாதீர்கள். மறுபரிசீலனை கேட்டு எழுத வழி உண்டு. எழுதும்போது பயணக் கணக்கின் அச்சுப் பிரதியை வையுங்கள், போட்டோ இருந்தால் வையுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். தம்பிக்கு நான்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அவன் விஷயத்தில் பலிக்கவில்லை, தப்பு அவன் பக்கம் என்று கணக்கே சொல்லிற்று. தவணையாகக் கட்ட வழி இருந்தது, கட்டி முடித்தான்.

ஊருக்குத் திரும்பும்போது

கார்டில் மீதி இருந்தால் படிவம் நிரப்பித் திரும்பக் கேட்கலாம். நாலு டாலருக்கு அந்த மெனக்கெடல் எதற்கு? அடுத்து வருகிறவர்களுக்கு வைத்துவிட்டுப் போங்கள்.

அம்மா இரண்டாவது தடவை வந்தபோது சொந்தக் கார்டு வைத்திருந்தாள். 19இன் பழைய வண்டிகளில் படி உயரம். முழங்கால் வலியோடு கம்பியைப் பிடித்து ஏறி, மூச்சு வாங்கி, கார்டை ரீடரில் வைத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் திரையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் உட்காருவாள். பின்னால் நிற்பவர்கள் காத்திருப்பார்கள், அவளுக்குக் கவலையில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அவள் கார்டு உள்ளே இருந்தது. டேப்பில் முடிகிற மாதத்துக்குக் கீழே பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தாள்: 'மூணு டாலர் நாப்பது காசு இருக்கு. ரெண்டு பேருக்கு தொடாதே.'